ஆரிக்கைச் சுற்றிப் போகிற பாதை

என் புருஷன் ஆஸ்வின் மில்பர்ன் என்னைக் கொல்லப் பார்த்தானா இல்லையா என்பது இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாமலே இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ராத்பரியில் இப்படி ஒரு வார்த்தையைக் கடைத்தெருவில் விட்டால் சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேசும். மறுநாளே என் மகள் நியூகாசிலிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு ஓடி வருவாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் சமையலறை மேசை எனக்குச் சொந்தமில்லை. ஆஸ்வின் அதன்மேல் சாலை வரைபடப் புத்தகத்தை விரித்துவிடுவான். பென்சில், அழிரப்பர், பூதக்கண்ணாடி, ஒரு தட்டு நிறைய வெண்ணெய் தடவிய ரொட்டி. அக்டோபரில் பத்து நாள் மான் வேட்டைக்குப் போக இந்த மனுஷன் ஒரு மாசம் திட்டம் போடுவான். எந்தப் பண்ணையில் என்ன மான், யாரிடம் அனுமதி கேட்பது, எங்கே படுப்பது, சுட்டதை எந்தக் கறிக்கடையில் எடுத்துக்கொள்வார்கள், எந்த பெட்ரோல் பங்கில் பன்றிக்கறி ரொட்டி வாயில் வைக்க விளங்கும் என்பது வரைக்கும் எழுதி வைப்பான். முப்பது வருஷம் அவனோடு போனவன் பக்கத்துத் தெரு லைல் ராப்சன். லைல் வண்டி ஓட்டுவான், இவன் வழி சொல்வான். பிப்ரவரியில் லைல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். இந்த வருஷம் மேசை எனக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன்.

எங்கே மிஞ்சியது! முதல் திங்கட்கிழமை காலையிலேயே புத்தகம் விரிந்துவிட்டது.

“யாரு ஓட்டப் போறா?” என்றேன்.

“நீதான், கண்ணு.”

இவன் ‘கண்ணு’ என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். சும்மா இருக்கும்போது நான் மேவிஸ். கோபம் வந்தால் கிழவி.

“முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நீ. அந்தப் பனியிலயும் ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழாம கொண்டு சேர்த்தவ. உன்னை விட்டா யாரு இருக்கா?”

“ரொம்ப ஐஸ் வைக்காத. வலது கண்ணு போயிடுச்சு, இடதும் போயிட்டிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ எதைச் சுடப் போற? மாட்டையா?”

“இடது கண்ணு இன்னும் கொஞ்சம் இருக்குல்ல.”

“அந்தக் கண்ணால என் மூஞ்சியே உனக்குச் சரியா தெரியல.”

“அதுல ஒரு வசதி இருக்கு” என்றான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான், பாவி.

அவன் வெளியே விறகு எடுக்கப் போனதும் நான் குனிந்து பார்த்தேன். பென்சில் கோடு ராத்பரியில் கிளம்பித் தெற்கே இறங்கியது. நார்ஃபோக்கில் முண்ட்ஜாக், அது ஒரு நாய் உயரம்தான் இருக்கும். அங்கேயே இருக்கிற சீன நீர்மானுக்கு நவம்பர் வரைக்கும் தடை என்பதால் அதை எழுதி அடித்திருந்தான். டார்செட்டில் சிகா மான். வில்ட்ஷயரில் ஒரு விவசாயியின் காட்டில் ஃபாலோ மானும் ரோ மானும். பிறகு வேல்ஸ் ஓரமாக மேலே ஏறி, கார்லைல் தாண்டி, ஸ்காட்லாந்துக்குள் போய் கடைசியாகச் செம்மான். அந்தக் கடைசித் துண்டில் என் விரல் நின்றுவிட்டது.

ஸ்காட்லாந்துக்குள் போனபின் ஓரிடத்தில் அவன் கோடு எப்போதும் வளையும். நேராகப் போனால் இருபது மைல். இவன் சுற்றிக்கொண்டு அறுபது மைல் போவான். இருபத்திரண்டு வருஷம், இருபத்திரண்டு கோடு, ஒன்றுகூட அந்தப் பள்ளத்தாக்கைத் தொட்டதில்லை. இந்த வருஷம் கோடு வளையவில்லை. நேராக க்ளென் ஆரிக்குக்குள் போய், ஆரிக் மேட்டில் ஒரு சின்ன வட்டம் போட்டு அங்கேயே முடிந்திருந்தது.

மேசையை விட்டு நகர்ந்து பாத்திரம் கழுவப் போனேன். கை தவறித் தொட்டிக்குள் கரண்டி விழுந்து ‘ணங்’ என்றது. அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் எனக்கு உடம்பு தூக்கிப்போடும். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயசு. ஆஸ்வின் வனத்துறையில் காவலன், மான் அளவுக்குமேல் பெருகாமல் வருஷத்துக்கு நூறைக் கணக்குத் தீர்ப்பவன். போதாததற்கு லீவிலும் பத்து நாள் மான் பின்னாலேயே போவான். அப்படிப் போய்வரும்போதெல்லாம் காலில் ஒரு புது ஜோடி கம்பளிக் காலுறை இருக்கும். கையால் பின்னியது. முழங்கால் வரைக்கும் ஏறி, ஓரத்தில் பூ வேலை. எவள் இவன் காலுக்கு அளவெடுத்தாள்? கேட்டால், “ஐலா கொடுத்தா” என்பான். ஐலா யார் என்றால், “ஆரிக்ல தங்குற வீட்டுக்காரி” என்பான். அவ்வளவுதான், அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டான். மூன்று வருஷம் மூன்று ஜோடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காவது வருஷம் அக்காளைப் பார்க்க ஹாயிக் போகிறேன் என்று சொல்லிவிட்டு, என் காரை எடுத்துக்கொண்டு ஆரிக் போனேன். வழிதான் அவனே கோடு போட்டு வைத்திருக்கிறானே. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி, தெற்குப் பக்கமாக மேட்டில் ஏறினேன். உச்சியில் உட்கார்ந்தால் கீழே ஐலாவின் வீட்டு வாசல் நன்றாகத் தெரிந்தது. பழைய எல்லை வேலி ஒன்று அங்கே உண்டு. கம்பியெல்லாம் போய், துருப்பிடித்த இரும்புக் கம்பங்களும் அவற்றின் உடைந்த முட்டுகளும் மட்டும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு கம்பத்தடியில் கல்மேல் உட்கார்ந்து, பழுப்புக் கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் கொண்டுபோகிற ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அதற்கு இரண்டு மூடி, இரண்டும் கோப்பை மாதிரி. பஸ்ஸில் எனக்கு ஏழு நிமிஷம்தான் இடைவேளை, கொதிக்கிற தேநீரை இதிலிருந்து அதிலும் அதிலிருந்து இதிலும் மாற்றி ஆற்றித்தான் குடிப்பேன். அன்றைக்கும் அப்படி ஆற்றி இரண்டு கோப்பையையும் கல்மேல் வைத்தேன்.

காதோரம் சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். அதே கணம் தலைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ‘ணங்’. அதற்குப் பிறகுதான் துப்பாக்கி வெடித்த ஓசை வந்தது. வேட்டைக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாமல் இருக்குமா? குண்டு முதலில் வரும், ஓசை பின்னால் வரும். என் தலையை ஒரு சாண் விட்டுப் போனது குண்டு.

எழுந்து ஓடினேன். கீழே தெற்குப் பக்கம் மூடுபனி ஏறி வந்தது, அதற்குள் புகுந்து விழுந்து எழுந்து ஓடினேன். காரில் ஏறியதும் பார்த்தால் கோட்டு முதுகெல்லாம் துரு. ஃபிளாஸ்க் மேட்டிலேயே கிடந்தது. காலை பத்து மணிக்கு அது, நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். ஆறு மணிக்கு அவன் வந்து நின்றான். இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே.

நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தான், அப்படி ஒரு பார்வை. தலையிலிருந்து கால் வரைக்கும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று சரிபார்க்கிற பார்வை.

“டீ இருக்கா?” என்றான்.

“போடுறேன்” என்றேன்.

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை வைத்துப் பூட்டினான்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்வின் புதுசாக வேட்டைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவன். முதல் பாடமே, பின்னால் மண் தெரியாமல் விசையைத் தொடாதே. மானுக்குப் பின்னால் சரிவு இருக்க வேண்டும், தவறிய குண்டு மண்ணில் போய்ப் புதைய வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தை முதுகில் வைத்து நிற்கிற மான் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஒருமுறை லைல் அப்படி ஒன்றைக் குறி பார்த்ததற்கு அவன் துப்பாக்கியைப் பிடுங்கி, பத்து நாளும் வெறுங்கையோடு நடக்கவிட்டான். அப்படிப்பட்டவன் மேட்டு விளிம்பில் சுட்டான் என்றால், அவன் சுட்டது மானை இல்லை. இதுதான் எனக்குத் தோன்றியது. தொலைநோக்கியில் என் முகத்தைப் பார்த்திருக்கிறான், உளவு பார்க்க வந்துவிட்டாள் என்று ஆத்திரம் வந்திருக்கிறது, சுட்டுவிட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி காணாமல் போனால் வீட்டையே புரட்டுகிறவன் அவன். என் ஃபிளாஸ்க் எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மறு வருஷத்திலிருந்து கோடு வளைந்தது.

ஏன் அவனை விட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். மகளுக்கு அப்போது பதினாறு வயசு, பரீட்சை வருஷம். அப்புறம் என்ன சொல்லிக்கொண்டு போவது? புருஷனை வேவு பார்க்கப் போன கதையை எந்த வாயால் சொல்வது? அவனும் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. பயமும் பழகிப்போகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவன் எனக்குப் பின்னால் வந்து நின்றால் நான் திரும்பாமல் இருந்ததே இல்லை.

விறகோடு உள்ளே வந்தான். நான் நேராகவே சொன்னேன்.

“ஆரிக் வழியா நான் ஓட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“சுத்திப் போறதுதானே உன் வழக்கம். சுத்தியே போகலாம்.”

விறகை அடுப்படியில் வைத்தான். ஒவ்வொன்றாக வைத்தான். “ஏன் சுத்திப் போறேன்னு இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட கேட்டதில்லையே, மேவிஸ்?”

அவன் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டிப் பக்கம் போனான். அந்தப் பெட்டியின் சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சட்டமே அப்படி, உரிமம் வாங்கியவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது, பெண்டாட்டிக்குக்கூட. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நான் பின்கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ரொட்டி வெட்டுகிற கத்தி இன்னொரு கையில். அறுபத்தேழு வயசில் நான் அப்படி நின்ற கோலத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

திரும்பி வந்து வரைபடத்தின்மேல் ஒன்றை வைத்தான். என் ஃபிளாஸ்க். பக்கவாட்டில் நகச்சாயத்தில் நான் எழுதிய ‘மேவிஸ், பஸ் 4’ கொஞ்சமும் அழியவில்லை.

“கத்தியைக் கீழ வை” என்றான். “பெட்டியில துப்பாக்கி இல்ல. போன வாரமே வித்துட்டேன். போய்ப் பாரு.”

போய்ப் பார்த்தேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. வந்து கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“யாரு அவன்?” என்று கேட்டான்.

“எவன்?”

“மேட்டுல உன்கூட டீ குடிச்சவன். ரெண்டு கோப்பை இருந்துச்சு. ரெண்டுலயும் ஆவி பறந்துச்சு. இப்ப சொன்னா என்ன, நான் என்ன பண்ணிடப் போறேன்? இருபத்திரண்டு வருஷமா அவன் யாரா இருக்கும்னு யோசிச்சே பாதி ராத்பரி ஆம்பளைங்களை நான் வெறுத்துட்டேன். கறிக்கடைக்காரனை, பாதிரியை, உன் பஸ் மெக்கானிக்கை...”

“அட மடையா!” என்று கத்தினேன். “நான் ஆத்திக் குடிச்சேன்டா! பஸ்ஸுல ஏழு நிமிஷத்துல வேற எப்படிக் குடிக்கிறது?”

அவன் என்னையே பார்த்தான். அந்த ஒரு கண்ணால்.

“அப்ப நீ எதுக்கு அங்க வந்த?”

“ஐலாவைப் பார்க்க. அந்தக் காலுறைக்காரியை.”

“ஐலாவையா? அவளுக்கு அப்பவே எழுபத்தெட்டு வயசுடி! தங்க வர்றவன் எல்லாருக்கும் பின்னிக் கொடுப்பா. லைலுக்கும்தான் கொடுத்தா. லைல் பொண்டாட்டி நன்றின்னு கடிதமே எழுதினா.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வந்தது. ஒரு கிழவியின் காலுறைக்காக என் வாழ்க்கையில் பாதியைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். ஆனால் முக்கியமான கேள்வி இன்னும் மேசைமேல் அப்படியே இருந்தது. அதையும் கேட்டேன்.

“என்னைப் பார்த்துத்தானே சுட்ட?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் அப்படி நினைத்திருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அது நடிப்பில்லை, நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

“அன்னைக்கு லைலுக்கு வயிறு சரியில்ல, படுத்துட்டான்” என்று மெதுவாகச் சொன்னான். “கூட வர வேண்டிய மலைக்காவலர் என்னை நம்பித் தனியா விட்டாரு. அஞ்சு நாளா ஒண்ணும் சிக்கல. தூறல். கண்ணாடியெல்லாம் தண்ணி. மேட்டு விளிம்புல கொம்பு தெரிஞ்சுது, மேவிஸ். பழுப்பு உடம்பு, மேல கொம்பு. நல்ல பெரிய கொம்பு. பின்னால வானம்தான், மண்ணு இல்ல, எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். இருந்தும் விசையை இழுத்துட்டேன். அந்த ஒரு நிமிஷம் நான் நானா இல்ல.”

“அப்புறம்?”

“மேல ஏறிப் போனேன். மான் இல்ல. ரத்தம் இல்ல. குளம்புத் தடம்கூட இல்ல. உன் ஃபிளாஸ்க் இருந்துச்சு.”

வெளியே பால்காரன் வண்டி போனது.

“லைலைப் பின்சீட்டுல படுக்கப் போட்டு, வண்டியை எங்கயும் நிறுத்தாம வீட்டுக்கு வந்தேன்” என்றான். “நீ கிழங்கு சீவிட்டிருந்த. கேட்டா நீ போயிடுவன்னு நினைச்சேன், அவன்கூட. கேட்கல. ஆனா அது இல்ல என்னைத் தின்னது. நான் பார்த்தது மானா? மான் நின்னு, ஓடிப்போயிருந்தா சரி. கெட்ட வேலைதான், ஆனா சரி. மானே இல்லன்னா? உன்னைத்தான் நான் மான்னு பார்த்தேனா? தினமும் காலையில கண்ணு முழிச்சதும் அந்த விளிம்பு வந்து நிக்குது. கொம்பு இருக்கு. கீழ மூஞ்சி தெரியறதுக்குள்ள கலைஞ்சு போயிடுது.”

“நான் ஊர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால மான் வந்து நின்னிருக்கலாம். பாறையில தடம் எப்படி விழும்?”

“இருக்கலாம்” என்றான். “அதைத்தான் பார்க்கணும். நான் படுத்த இடத்துலேருந்து நீ உட்கார்ந்த இடம் தெரியுதான்னு ஒரு தடவை பார்த்துட்டா போதும். இத்தனை வருஷம் அதுக்குத் தைரியம் வரல. இப்ப தைரியம் வந்துச்சு, கண்ணு போயிடுச்சு. நீதான் எனக்காகப் பார்க்கணும். மத்த ஊரெல்லாம் சும்மா போட்டேன். ஆரிக்னு மட்டும் சொன்னா நீ வண்டி எடுக்க மாட்டன்னு.”

நார்ஃபோக்கும் இல்லை, டார்செட்டும் இல்லை. அக்டோபர் எட்டாம் தேதி விடியற்காலையில் நேராக வடக்கே ஓட்டினேன். அவன் மலைக்காவலரை முன்னமே கூப்பிட்டுக் கேட்டிருந்தான், அன்றைக்கு அந்த மேட்டில் வேட்டை இல்லை. வழியெல்லாம் அவன் பென்சில் கோட்டைக் கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்துக்கொண்டு வழி சொன்னான். எனக்கு வழி தெரியும். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐலாவின் வீட்டில் இப்போது யாரோ இளம் தம்பதி இருக்கிறார்கள். வாசலில் நீல நிறத் தள்ளுவண்டி நின்றது. அவன் கையைப் பிடித்துத் தெற்குப் பக்கமாக ஏற்றினேன். இரண்டு இடத்தில் உட்கார வைத்தேன். மேலே போகப் போகத் தூறல் ஆரம்பித்தது. வடக்குப் பள்ளத்தில் கலைமான்கள் கத்திக்கொண்டிருந்தன. இணை சேரும் காலம். அந்தக் கத்தல் வயிற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும், ஆளைப் பார்க்காமலே ஆளை மிரட்டும்.

கல் அங்கேயே இருந்தது. கம்பங்களும் இருந்தன, இன்னும் கொஞ்சம் சாய்ந்து. என் தலை இருந்த உயரத்தில் கம்பத்தின் ஓரம் பிய்ந்து, வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. கட்டைவிரல் நுழையும். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவனிடம் சொல்லவில்லை.

“இங்கதான். உட்காரு. ஊர்ப் பக்கம் திரும்பி, தொப்பியை இழுத்துவிட்டுக்கோ. நான் வர்ற வரைக்கும் அசையாத.”

“வெள்ளைப் பாறை. பக்கத்துல சின்ன ஓடை” என்றான் அவன். “பாறைக்கு இடது பக்கம் படு. நல்லா பாரு, மேவிஸ். அவசரப்படாத.”

அவன் உடுத்தியிருந்தது மழைக்கு மெழுகு பூசிய பழுப்புக் கோட்டு. வேண்டுமென்றே அதைத்தான் உடுத்தி வந்திருந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

வடக்குச் சரிவில் இறங்கினேன். இருநூறு கஜம் இருக்கும். வெள்ளைப் பாறைக்கு இடப்பக்கம் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தேன். முழங்கை இரண்டும் இரண்டு பள்ளத்தில் போய்ப் பொருந்தியது. எத்தனை தலைமுறை வேட்டைக்காரன் அங்கே படுத்திருப்பானோ, அந்தக் குழியில் அவனும் படுத்திருக்கிறான். தொலைநோக்கியை எடுத்தேன். கண்ணாடியில் தூறல். துடைக்கத் துடைக்க மறுபடியும் விழுந்தது. கடவுளே, ஒன்றும் தெரியக் கூடாது, வெறும் புல்தான் தெரிய வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். நான் கோயிலுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

விளிம்பைப் பார்த்தேன்.

அங்கே ஒரு கலைமான் நின்றது. பழுப்பு உடம்பு, குனிந்த கழுத்து. தலைக்கு இரண்டு பக்கமும் கொம்பு விரிந்து, கிளைத்து, வானத்தில் தெளிவாக நின்றது. பத்துக் கிளையாவது இருக்கும். “மான்!” என்று எனக்கே வாயில் வந்துவிட்டது. அடுத்த நொடி கண்ணாடியைத் துடைத்தேன். அது ஆஸ்வின். அவன் முதுகு. அவன் தொப்பி. அவனுக்கும் எனக்கும் நடுவில் சாய்ந்த இரண்டு கம்பங்களும் அவற்றின் உடைந்த முட்டுகளும் அவன் தலையிலிருந்து முளைத்த மாதிரி நின்றன. மறுபடி தூறல் விழுந்தது. மறுபடி மான்.

என்னவென்று சொல்வேன்? நான் அங்கே படுத்துக்கொண்டு அழுதேன். என் புருஷன் என்னைக் கொல்லப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் எந்த ஆளுக்கு முதுகைக் காட்டப் பயந்தேனோ, அந்த ஆளுக்கு நான் ஒரு மானாகத்தான் தெரிந்திருக்கிறேன். எனக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டுவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. எனக்கு விடுதலை தருகிற அதே காட்சி அவனுக்குத் தூக்குக் கயிறு. மான் எதுவும் வரவில்லை. மான் இருந்ததே இல்லை. அவன் பெண்டாட்டியின் தலையைத்தான் குறி பார்த்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்திருக்கிறான்.

மேலே அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தையைத் தேடினேன். மேலே வந்தபோது ஒன்றுதான் கையில் இருந்தது.

என் காலடி கேட்டதும், “தெரிஞ்சுதா?” என்றான். திரும்பவில்லை.

“என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியல. புல்லும் வானமும்தான். நீ இங்க இருக்கிறதே தெரியல. எழுந்திருச்சு நின்னாதான் தொப்பி தெரியுமா இருக்கும்.”

“நல்லா பார்த்தியா?”

“பஸ் கண்ணாடியில முப்பது வருஷம் பின்னால பார்த்தவ நான். எனக்கா பார்க்கத் தெரியாது? கிழவா, நீ மானைத்தான் பார்த்த. அது எனக்குப் பின்னால அந்த மேட்டுல எங்கயோ நின்னிருக்கு. குண்டு அதுக்கும் தப்பி, எனக்கும் தப்பிப் போயிருக்கு.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவன் தோள் குலுங்கியது. நான் அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், அந்தப் பிய்ந்த இடத்தை முதுகால் மறைத்து. கண் தெரியாதவனுக்கு எதற்கு மறைப்பது? கை தடவினால் தெரிந்துவிடுமே. ஃபிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினேன். இரண்டு கோப்பையிலும் மாற்றி மாற்றி ஆற்றினேன். அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

“இப்படித்தான் ஆத்துவியா?” என்றான்.

“இப்படித்தான்.”

திரும்பி வரும்போது ஸ்டிர்லிங் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். வாயைத் திறந்துகொண்டு, பச்சைக் குழந்தை மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. மறுநாள் எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கண் முழித்ததும் மேட்டு விளிம்பு வரவில்லை என்று ஆச்சரியமாகச் சொன்னான். அது எனக்குத் தெரியும். இப்போது அது என்னிடம் வருகிறது.

அன்றைக்குக் காலையில் அவன் சமையலறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் சுவரில் கோட்டு மாட்டுகிற இரும்புக் கொக்கிகள் இரண்டு வரிசை, வளைந்து மேலே நிமிர்ந்து நிற்கும். முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கின்றன. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன்.

“என்ன பண்ற?” என்றான்.

“துருப்பிடிச்சுப் போச்சு” என்றேன்.